சாண்ட்விச் கேட்டார், ரொட்டி வந்தது!

வெலிங்டன் தீவில் பகல் முழுவதும் லாரிச் சத்தம். மாலை ஆறு மணிக்கு மேல் அது அடங்கிவிடும். சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தேயிலைக் கிடங்குகள் எல்லாம் பூட்டிக்கொண்டபின் சாலையோர மரங்களில் கொக்குகள் மட்டும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும். ஆனால் சனிக்கிழமை மாலையில் மட்டும் ஓரிடத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஓட்டலின் மதுக்கூடம் அது. பெயர் இங்கே வேண்டாம். அதைப் போல எர்ணாகுளத்திலும் ஆலுவாவிலும் எத்தனையோ இருக்கின்றன.

கப்பல் சரக்கை எண்ணும் டாலி கிளார்க்குகள், கிளியரிங் ஏஜென்சி குமாஸ்தாக்கள், கிரேன் ஓட்டுபவர்கள், கரைக்கு இறங்கிய இரண்டு மூன்று மாலுமிகள் என்று கூட்டம் நெரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. நாற்பது பேருக்கு மூன்று சிப்பந்திகள்.

மூலை மேஜையில் இரண்டு தமிழர்கள். ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கம். ஹார்பர் டெர்மினஸ் நிலையத்துக்குப் பிரயாணி ரயில்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், கையில் ஒரு தகரப் பெட்டியோடு அங்கே வந்து இறங்கியவர். மற்றவர் முப்பதைத் தாண்டாத குமாஸ்தா, தென்காசிக்காரர். பெரியவரை 'அண்ணாச்சி' என்றே கூப்பிடுகிறார்.

அன்று கப்பல் வேலை இழுத்துவிட்டது. அண்ணாச்சி பகல் பன்னிரண்டு மணிக்கு மெஸ்ஸில் சாப்பிட்டதோடு சரி. "வெறும் வயித்துல குடிக்காதீங்க அண்ணாச்சி, முதல்ல ஏதாவது சாப்பிடுங்க" என்று தம்பிதான் வற்புறுத்தினார். அச்சடித்த பட்டியலில் ஒரு படம் இருந்தது. மூன்று அடுக்கு ரொட்டி, நடுவில் கொழுத்த கோழித் துண்டு, பச்சைக் கீரை, மேலே பல்குத்தும் குச்சியில் ஒரு சிறு கொடி. சிக்கன் சாண்ட்விச், நூற்றுத் தொண்ணூறு ரூபாய், வரி தனி. மெஸ்ஸில் இரண்டு வேளை மீன் குழம்புச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம்!

மது இரண்டு நிமிஷத்தில் வந்தது. சாண்ட்விச் வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

வந்ததோ இரண்டே ரொட்டித் துண்டுகள், நான்கு முக்கோணங்களாக வெட்டப்பட்டு. ஓரங்கள் காய்ந்து மேல்நோக்கி வளைந்திருந்தன. நடுப்பகுதி மட்டும் வெள்ளரிக்காய்த் தண்ணீரில் ஊறி, எடுத்தால் தொங்கியது. கோழி, நூல் நூலாகப் பிய்த்த ஒரு சிட்டிகை. அதையும் வெள்ளை நிறக் குழம்பு ஒன்று மூடியிருந்தது. கொடி மட்டும் படத்தில் உள்ளபடியே இருந்தது.

"தம்பி, இதுல கோழி எங்கடே?"

"இந்த வழியா நடந்து போயிருக்கும் அண்ணாச்சி."

பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். சிப்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. "சேட்டா, இவிடெ அது ஆரும் கழிக்காறில்ல" என்றான். இங்கே அதை யாரும் சாப்பிடுவதில்லையாம்! யாரும் சாப்பிடாத ஒன்று பட்டியலில் ஏன் இருக்கிறது என்று கேட்பதற்குள் அவன் நாலாவது மேஜைக்குப் போய்விட்டான்.

அண்ணாச்சி ஒரு முக்கோணத்தை மென்று விழுங்கினார். தட்டை ஓரமாகத் தள்ளினார். "போகட்டும், இன்னொண்ணு சொல்லு" என்றார். அவர் சொன்னது சாண்ட்விச்சை அல்ல.

வயிறும் கிளாசும்

நூற்றுத் தொண்ணூறு ரூபாய் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தட்டு தள்ளப்பட்டபின் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது.

குடித்த மதுவில் சிறு பங்கைத்தான் இரைப்பை உறிஞ்சுகிறது. பெரும் பங்கு சிறுகுடலில்தான் இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே ஒரு வாயில் உண்டு. வயிற்றில் ஆகாரம் இருந்தால், அதை அரைத்து முடிக்கும்வரை அந்த வாயில் கொஞ்சம் கொஞ்சமாகவே திறக்கும். மதுவும் ஆகாரத்தோடு காத்திருந்து மெதுவாகப் போகும். வயிறு காலியாக இருந்தால் தடை ஏதும் இல்லை. நேரே குடலுக்குப் போய், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிவிடும். அதே அளவு மதுதான். ஆனால் சாப்பிட்டவன் நடந்து போவான், சாப்பிடாதவனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் போன்றவை வயிற்றில் அதிக நேரம் தங்குபவை. காய்ந்த ரொட்டியில் ஒரு கடி எதற்கும் காணாது.

சாப்பாடு மதுவை அழித்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. உள்ளே போனதில் பெரும் பங்கு கடைசியில் இரத்தத்துக்கு வந்தே தீரும், முக்கியமாக வேகம்தான் குறைகிறது. ஆகவே வண்டி ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். தட்டில் என்ன இருந்தது என்று சட்டம் கேட்பதில்லை.

ஊரைவிட்டு வந்து லாட்ஜ் அறையில் தங்கி வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்குச் சனிக்கிழமை இரவு மதுக்கூடத்தில் கிடைப்பதுதான் ராத்திரிச் சாப்பாடு. வெளியே வரும்போது மெஸ் மூடியிருக்கும். அந்தத் தட்டு மோசமாக இருந்தால் அவன் அன்று பட்டினி என்று அர்த்தம். பட்டினியோடு குடித்தவன் என்றும் அர்த்தம்.

இரண்டு பிரபுக்கள்

சாண்ட்விச்சும் கிளாசும் சேர்ந்தே பிறந்தவை என்றால் நம்புவது கடினம். ஆனால் அப்படித்தான் தெரிகிறது.

இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய துறைமுகம்; மணல் தூர்ந்து கப்பல் வராமல் போய்விட்டது. அந்த ஊரின் பெயரைப் பட்டமாகக் கொண்டவர் நான்காவது சாண்ட்விச் பிரபு, ஜான் மாண்டேகு (1718–1792). சீட்டாட்ட மேஜையிலிருந்து எழுந்திருக்க மனமில்லாமல், இறைச்சியை இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது பிரபலமான கதை. அவருடைய வாழ்க்கையை எழுதியவரோ, அவர் கடற்படை நிர்வாகத்தின் தலைவராக இருந்து மேஜையைவிட்டு நகராமல் வேலை பார்த்தவர், அந்த மேஜையில்தான் அது பிறந்திருக்கும் என்கிறார். குமாஸ்தாக்களுக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும்.

சாண்ட்விச் என்ற சொல் தின்பண்டத்தின் பெயராக முதன்முதலில் எழுத்தில் வருவது 1762 நவம்பரில். சரித்திர ஆசிரியர் எட்வர்ட் கிப்பன் லண்டனில் ஒரு கிளப்புக்குப் போனார். நாட்டின் பெரிய மனிதர்கள் சிறு மேஜைகளில் உட்கார்ந்து, ஆறிய இறைச்சியோ சாண்ட்விச்சோ தின்றுகொண்டு 'பஞ்ச்' என்ற மதுவைக் குடித்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். (ஐந்து பொருள்களைக் கலப்பதால், 'பாஞ்ச்' என்ற நம் நாட்டுச் சொல்தான் அப்படி ஆனது என்பார்கள்.) ஆக, முதல் தடவை பெயர் வெளிவரும்போதே பக்கத்தில் கிளாஸ் இருந்திருக்கிறது!

இந்தப் பிரபுவின் பெயரைக் கேப்டன் குக் 1778-ல் ஹவாய்த் தீவுகளுக்குச் சூட்டினார். நம் தீவுக்கும் ஒரு பிரபுவின் பெயர்தான். சென்னை மாகாண கவர்னராக இருந்து, பிறகு 1931 முதல் 1936 வரை வைஸ்ராயாக இருந்தவர் வெலிங்டன் பிரபு. அவர் சென்னையில் இருந்தபோதுதான், 1920-ல், ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர் கொச்சிக்கு அனுப்பப்பட்டார். இங்கேயும் மணல்தான் எதிரி. துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, கப்பல் உள்ளே வர வழி செய்தார். அள்ளிய மண்ணைக் கொட்டித் தீவை உண்டாக்கினார். 1941-ல் அவர் ஊருக்குத் திரும்பியபோது காயலின் நடுவே துறைமுகம், பாலங்கள், ஓட்டல் எல்லாம் இருந்தன. மணலை வெல்ல இருபது வருஷம் பாடுபட்ட இடத்தில் ஒரு நல்ல சாண்ட்விச் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ரொட்டிக்கும் இங்கே பஞ்சம் இல்லை. போர்த்துகீசியர் 1500-ல் கொச்சிக்கு வந்தவர்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். டச்சுக்காரர் விட்டுப் போன 'புரூடர்' என்ற ரொட்டியை ஃபோர்ட் கொச்சியில் இன்னும் சுடுகிறார்கள். கொச்சியின் தெருமுனை பேக்கரிகளில் மாலை நான்கு மணிக்குச் சுடச்சுட பன் கிடைக்கும். அதிலிருந்து அரை மணிப் பிரயாணத்தில் இருக்கும் மதுக்கூடத்துக்கு மட்டும் ஏன் முந்தாநாள் ரொட்டி?

சட்டத்துக்காக ஒரு தட்டு

சிப்பந்திப் பையன் சொன்னதில்தான் விடை இருக்கிறது. யாரும் சாப்பிடுவதில்லை, ஆனால் பட்டியலில் இருக்க வேண்டும்.

கேரளத்தில் பார் நடத்த வாங்கும் உரிமத்துக்கு எஃப்.எல்.3 என்று பெயர். அது ஓட்டலுக்கு, அதாவது உணவு விடுதிக்குக் கொடுக்கப்படும் உரிமம். காகிதத்தில் பார்த்தால் அது சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர்களுக்கு மதுவும் உண்டு, அவ்வளவுதான். 2014 ஏப்ரல் 1 முதல், தரம் போதவில்லை என்று 418 பார்களுக்கு உரிமம் புதுப்பிக்கப்படாமல் நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில், ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டுமே பார் என்று உம்மன் சாண்டி அரசு முடிவு செய்தது. 2015 டிசம்பர் 29-ந் தேதி உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. இடைக்காலத்தில் பலர் பீர், ஒயின் மட்டும் விற்றுக் காலம் தள்ளினார்கள். அடுத்த அரசு வந்து, 2017 ஜூலையில் மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் வழி திறந்தபின் பழைய கூட்டம் திரும்பியது. நட்சத்திரம் வாங்கியாக வேண்டும் என்பதால் சமையற்கூடம் சரி செய்தார்கள், தரைக்குக் கல் பதித்தார்கள், பட்டியலைப் படத்தோடு அச்சடித்தார்கள். கொடி குத்திய சாண்ட்விச் அப்படிப் படத்தில் ஏறியதுதான்.

நம் ஊர்க் கதை இதைவிட வேடிக்கை. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். கடையை ஒட்டிய 'பார்' தனியாருக்கு டெண்டரில் விடப்படுகிறது. அந்த டெண்டர் எதற்கு? தின்பண்டம் விற்கும் உரிமைக்கும் காலி பாட்டில்களைச் சேகரிக்கும் உரிமைக்கும்! ஏலம் எடுத்தவர் சட்டப்படி ஒரு சுண்டல் கடைக்காரர். ஆனால் அங்கே போய்ச் சுண்டல் வாங்கித் தின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி நியூயார்க். ஞாயிற்றுக்கிழமை குடியை ஒழிக்க வேண்டும் என்று 1896-ல் ஜான் ரெயின்ஸ் என்ற செனட்டர் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவனுக்கு ஓய்வு நாள் அது ஒன்றுதான். ஓட்டல்களில் மட்டும், சாப்பாட்டோடு சேர்த்தே ஞாயிறன்று மது விற்கலாம். ஓட்டல் என்றால் பத்து அறைகளாவது இருக்க வேண்டும். என்ன நடந்தது? சாராயக் கடைக்காரர்கள் மாடியில் பலகைத் தடுப்பு வைத்துப் பத்து அறை கட்டினார்கள். சாப்பாட்டுக்கு ஒரு சாண்ட்விச். வாடிக்கையாளர் முன்னால் அதை வைப்பார்கள். அவர் குடித்துவிட்டுப் போவார். அதே சாண்ட்விச் அடுத்தவர் முன்னால் போகும். நாள் முழுதும் மேஜை மேஜையாக அது சுற்றும். இரண்டு ரொட்டிக்கு நடுவே செங்கல்லை வைத்த கடைகளும் உண்டு என்று பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் எழுதியிருக்கிறார். தின்ன முயன்றால்தான் கடைக்காரருக்குக் கோபம் வரும்! மாடி அறைகளோ பின்னால் வேறு தொழிலுக்குப் பயன்பட்டு, சீர்திருத்தக்காரர்களுக்குப் புதுத் தலைவலியாயின.

நூற்று இருபத்துநாலு வருஷம் கழித்துக் கொரோனா காலத்தில் இங்கிலாந்துக்கும் அதே சங்கடம் வந்தது. 2020 டிசம்பரில், நோய் ஓரளவு பரவியிருந்த பகுதிகளில் 'தக்க சாப்பாடு' உடன் மட்டுமே மதுக்கூடங்களில் மது என்றார்கள். எது தக்க சாப்பாடு? வேக வைத்த முட்டையைக் கொத்துக்கறியில் பொதிந்து பொரித்த 'ஸ்காட்ச் முட்டை' ஒன்று போதுமா? போதும் என்றார் ஒரு மந்திரி. நாடே சில நாள் முட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

சட்டம் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. சாப்பிட்டுக்கொண்டு குடிப்பவன் நிதானமாகக் குடிப்பான் என்ற அதே வயிற்றுக் கணக்குதான். ஆனால் தட்டு இருக்க வேண்டும் என்று எழுத முடிகிறதே தவிர, தட்டில் இருப்பதைத் தின்ன முடிய வேண்டும் என்று எழுத முடியவில்லை.

ரொட்டி ஏன் காய்கிறது?

கூட்டமான இடத்தில் நல்ல சாண்ட்விச் செய்வது அப்படி ஒன்றும் ஆகாத காரியம் அல்ல. அது கெடுவதற்கான காரணங்கள் நம் வீட்டு அடுப்படியிலேயே தெரிந்தவை.

ராத்திரி மிஞ்சிய சோற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் காலையில் விறைத்து நிற்கும். காய்ந்த இட்லி கல்லாகும். ஆவியில் வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும். ரொட்டிக்கும் இதே விதிதான். வேகும்போது தண்ணீர் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்லத் திரும்ப இறுகுகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த இறுக்கம் குளிர்ப்பெட்டியின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று ரொட்டியைக் குளிர்ப்பெட்டியில் திணிப்பவர்கள் பூஞ்சக்காளானைத் தடுக்கிறார்கள், ருசியைக் கொன்றுவிடுகிறார்கள். அறுபது டிகிரிக்கு மேல் சூடு காட்டினால் ரொட்டி மறுபடி இளகும். தோசைக்கல்லில் இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் சனிக்கிழமை இரவில் யாரும் செலவிடுவதில்லை.

அடுத்தது தண்ணீர். வெள்ளரிக்காயும் தக்காளியும் உப்புப் பட்டதும் நீர் விடும். ரொட்டியின் உள்பக்கம் ஓரம் வரை வெண்ணெய் தடவியிருந்தால் அந்த நீர் இறங்காது. வெண்ணெயின் வேலை ருசி மட்டுமல்ல, நீரைத் தடுப்பதும்தான். சிக்கனக்காரர் நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைப்பார். பிறகு ஓரம் காய்ந்து, நடு ஊறி, அண்ணாச்சிக்கு வந்தது போல வரும்.

மூன்றாவது, அந்த வெள்ளைக் குழம்பு. பச்சை முட்டையை எண்ணெயில் அடித்துச் செய்யும் மயோனைஸ் அது. வெக்கையான சமையற்கூடத்தில் வெளியே வைத்திருந்தால் கிருமிக்கு விருந்து. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருத்தி இறந்துபோனாள். இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். இது போன்ற சம்பவங்கள் தொடரவே, 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைக் கேரள அரசு தடை செய்தது. தமிழ்நாடும் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. வெள்ளைக் குழம்பு எதில் செய்தது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, உள்ளே வைக்கும் பொருள். இதில் ரயில்வேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் சாண்ட்விச் ஒரு காலத்தில் அந்நாட்டு ஹாஸ்ய நடிகர்களுக்கெல்லாம் சோறு போட்ட விஷயம். 1971-ல் அதன் உணவுப் பகுதி அதிகாரி, சாண்ட்விச் செய்வது எப்படி என்று சிப்பந்திகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மீனுக்கு இவ்வளவு, சீஸுக்கு இவ்வளவு என்று அதில் எடைக்கணக்கு இருந்தது. முக்கால் அவுன்ஸ், அதாவது இருபத்தொரு கிராமுக்குமேல் போகவில்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடுவில் வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை! குறுக்கே வெட்டும்போது நடுப்பகுதிதானே பிரயாணியின் கண்ணுக்குத் தெரியும்? ஓரம் காலியாக இருப்பது கடித்தபின்தான் தெரியும்; அதற்குள் வண்டி புறப்பட்டிருக்கும்.

தொட்டுக்கொள்ள

கேரள மதுக்கூடங்களில் ஒரு சொல் புழங்குகிறது: 'டச்சிங்ஸ்'. கிளாசோடு கொடுக்கும் கொஞ்சம் ஊறுகாய், வேக வைத்த கடலை, அவித்த முட்டைத் துண்டு, இவைதான் டச்சிங்ஸ். நம் 'தொட்டுக்கொள்ள' என்பதை அப்படியே இங்கிலீஷில் திருப்பியது போல இருக்கிறது. தின்பதற்கு அல்ல, தொடுவதற்கு! உப்பும் காரமும் தூக்கலாக இருப்பதில் கடைக்காரருக்கும் லாபம் உண்டு. நாக்கு எரிந்தால் கிளாஸ் சீக்கிரம் காலியாகும். அமெரிக்கச் சாராயக் கடைகளில் அந்தக் காலத்தில் 'இலவசச் சாப்பாடு' என்று உப்பு மீனும் உப்புக் கறியும் அள்ளி வைத்ததன் ரகசியமும் அதுதான்.

ஆனால் இதே கேரளத்தில், சாப்பிடுவதற்காகவே குடும்பத்தோடு ஜனங்கள் போகும் மதுக்கடையும் இருக்கிறதே! கள்ளு ஷாப்பைத்தான் சொல்கிறோம். தீவிலிருந்து கரை தாண்டி உதயம்பேரூர்ப் பக்கம் போனால் முல்லப்பந்தல் போன்ற கள்ளுக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடம் பிடிப்பது கடினம். மரவள்ளிக் கிழங்கு, குடம்புளி போட்ட மீன் கறி, கரிமீன், தாராக் கறி, மட்டி வறுவல் என்று வாழையிலை நிறையும். கள்ளைத் தொடாதவர்கள்கூடச் சாப்பிட்டுப் போகிறார்கள்.

அங்கே மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது? கள் காத்திருக்காத சரக்கு. இறக்கியதிலிருந்தே புளிக்கத் தொடங்கும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, விட்டால் காடி. சீமைச் சரக்கைப் போலப் பூட்டி வைத்து விற்க முடியாது. கடைக்காரர் சமையலை நம்பித்தான் கடையை ஓட்ட வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். சட்டியில் கொதிப்பதை அப்போதே இலையில் போடுவார்கள். சமைப்பவர் வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். இது பெரிய விஷயம்.

பம்பாயில் இருந்துவிட்டு வந்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள். அங்கே நடைபாதையில் ஒரு ஸ்டூலும் பலகையும் போட்டு நிற்பவர் கண்ணெதிரே ரொட்டியை வெட்டி, ஓரம் வரை வெண்ணெய் தடவி, பச்சைச் சட்னி, உருளைக்கிழங்கு, வெள்ளரி, பீட்ரூட், வெங்காயம் எல்லாம் அடுக்கி, மேலே மசாலாப் பொடி தூவி, இடுக்கியில் அழுத்திச் சுட்டுக் கொடுப்பார். நட்சத்திரமும் இல்லை, அச்சடித்த படமும் இல்லை. சரியில்லை என்றால் நாளைக்கு யாரும் அவர் பலகைக்கு வரமாட்டார்கள். மதுக்கூடத்துக்கோ, சாண்ட்விச் எப்படி இருந்தாலும் நாளைக்குக் கூட்டம் வரும்.

தமிழ்க் குமாஸ்தாக்கள் சிலர் அனுபவத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கூட்ட நேரத்தில் சாண்ட்விச், பர்கர் பக்கம் போவதில்லை. பிரெட் ஆம்லெட் கேட்கிறார்கள். முட்டையை அப்போதுதான் உடைக்க வேண்டும். ரொட்டி கல்லில் விழுந்தே ஆக வேண்டும். பழையதை எடுத்து வைக்க வழியில்லை. விலையும் பாதி. ரசீது கேட்டு வாங்குகிறார்கள். பூஞ்சணம் பிடித்ததோ கெட்டதோ வந்தால் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலாளரைக் கூப்பிடலாம். கேட்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மலையாளம் தெரியாது என்ற கூச்சத்தில் கொடுத்ததை விழுங்கிவிட்டு வருவதுதான் நம்மவர்களிடம் உள்ள குறை.

அண்ணாச்சி அன்று ராத்திரி மூன்றாவது கிளாசுக்குப் பிறகு எழுந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். தோப்பும்படிப் பாலம் வரை தம்பி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். பாலத்தின் அந்தப் பக்கம் தட்டுக்கடை ஒன்று மூடிக்கொண்டிருந்தது. நாலு பரோட்டா மிச்சம் இருந்தது. அண்ணாச்சி ஒன்றைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுக்கொண்டே, "அந்தக் கொடியை எடுத்துட்டு வந்திருக்கணும்டே, பேரனுக்கு ஆகும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆறரை மணிக்கு இரண்டு பேரும் முதலில் மெஸ்ஸுக்குப் போனார்கள். ஏழரைக்கு மதுக்கூடத்தில் அதே மூலை மேஜை. பையன் பட்டியலை நீட்டினான். தம்பி அதை வாங்கி, படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார்.